பெருநகரில் உண்ணும் இடம்: மும்பை காட்டும் வழி

பிழைப்பை நாடிப் பெருநகரம் ஒன்றிற்கு வந்து சேர்பவர் முதல் நாளிலேயே இரண்டைத் தேட வேண்டியவராகிறார். ஒன்று தலைசாய்க்க ஓரிடம். மற்றொன்று வயிறார உண்ண ஓரிடம். முன்னதை ஒருமுறை தேடிப் பிடித்துவிட்டால் சில மாதங்களுக்குக் கவலையில்லை. பின்னதோ நாளொன்றுக்கு மூன்று வேளையும் தலைதூக்கும் கேள்வி. அதற்குத் தவறான விடை கண்டவர் பணத்தை இழக்கிறார்; பல சமயம் உடல்நலத்தையும் இழக்கிறார்.

பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் குடும்பத்தோடு சென்று உண்டு திரும்பும் ஆடம்பர விடுதிகளைப் பற்றி நாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றைப் புகழ விளம்பரங்கள் இருக்கின்றன. நம் கவலையெல்லாம் வெளியில் உண்டே தீரவேண்டிய நிலையில் உள்ளவர்களைப் பற்றியது. இதற்கு மும்பை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, வீட்டை விட்டு வந்த இலட்சக்கணக்கானோருக்குச் சோறிட்டுப் பழகிய நகரம் அது.

ஓர் உணவகம் நன்றாக இருப்பதும் கெடுவதும் சமையற்காரரின் கைத்திறனை மட்டும் பொறுத்ததன்று. அங்கே யார் வந்து உண்கிறார்கள், எத்தனை முறை வருகிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஒருமுறை வந்து போகிறவரை ஏமாற்றலாம்; நாள்தோறும் வருகிறவரை ஏமாற்ற இயலாது. இந்த உண்மையை மும்பையின் வரலாறே நமக்குக் காட்டுகிறது.

அந்நகரில் பருத்தி ஆலைகள் 1850களில் தோன்றலாயின. கொங்கணக் கரையிலிருந்தும் சாத்தாரா முதலிய மேட்டு நிலங்களிலிருந்தும் ஆண்கள் திரள்திரளாக வந்தனர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். பரேல், லால்பாக் வட்டாரங்களில் ‘சால்’ என்னும் நெடுங்கட்டடங்களின் ஒற்றை அறைகளில் பலர் சேர்ந்து குடியிருந்தனர். ஒரு முறைக்காரர் வேலைக்குப் போகும்போது மற்றொரு முறைக்காரர் வந்து அதே பாயில் உறங்குவார். அங்கே அடுப்பு மூட்ட இடமேது, நேரமேது? அதே கட்டடங்களில் வாழ்ந்த பெண்கள் தம் வீட்டு அடுப்பிலேயே இன்னும் பத்துப் பேருக்கும் இருபது பேருக்கும் சமைத்துப் போடத் தொடங்கினர். இதற்குக் ‘கானாவள்’ என்று பெயர். நம் ஊர்களில் ‘மெஸ்’ என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதுவே.

கானாவளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உண்பவர் மாதம் முழுவதும் உண்டு, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார். தம் மாவட்டத்து மசாலையும் தம் ஊர்க் குழம்பின் மணமும் எந்த வீட்டில் கிடைக்குமோ அந்த வீட்டையே அவர் நாடுவார். குழம்பு நீர்த்துப் போனால் மறுமாதம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சமைப்பவருக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை. அந்தப் பெண்களின் நிலையோ எளிதாக இல்லை. மளிகையைக் கடனுக்கு வாங்கி, சம்பளம் தாழ்ந்தால் வட்டிக்காரரிடம் பணம் பெற்று, அவர்கள் அடுப்பை அணையாமல் காத்தனர். 1975ஆம் ஆண்டில் பிரேமா புரவ் என்னும் அம்மையார் அவர்களை ஒன்றுசேர்த்து ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்ற சங்கத்தை நிறுவி, வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். ஆனால் 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், சுமார் இரண்டரை இலட்சம் பேரின் வாழ்வைக் குலைத்தது. ஆலைகள் பல பிறகு திறக்கவேயில்லை. ஆலை போனபோது, அதை நம்பியிருந்த அடுப்புகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

கானாவளைப் போலவே, இன்னின்னாருக்கென்று பிறந்த உணவகங்கள் மும்பையில் வேறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரான் நாட்டிலிருந்து வந்த ஜொராஸ்டிரிய சமயத்தினர் தேநீர்க்கடைகளைத் திறந்தனர். தெருமுனைக் கடைகள் ராசியில்லாதவை என்று உள்ளூர் வணிகர் ஒதுக்கியதால் அவை இவர்களுக்கு எளிதில் கிடைத்தன என்பர். இரு தெருக்களின் வெளிச்சமும் இரு தெருக்களின் மக்களும் ஒருங்கே வந்து சேரும் இடம் எப்படி ராசியற்றதாகுமோ, நமக்கு விளங்கவில்லை! சலவைக்கல் மேசை, வளைந்த மரச் சட்டமிட்ட நாற்காலி, வெண்ணெய் தடவிய பன், கெட்டிப்பாலில் போட்ட தேநீர் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். கூலியாளும் வழக்கறிஞரும் அருகருகே அமரலாம். ஒரு கோப்பைத் தேநீரோடு நெடுநேரம் செய்தித்தாள் படிக்கலாம். 1904இல் தோன்றிய ‘கியானி’யும் 1923இல் பல்லார்டு எஸ்டேட்டில் தோன்றிய ‘பிரிட்டானியா’வும் புகழ்பெற்றவை. ஒரு காலத்தில் நகரெங்கும் பரவியிருந்த ஈரானிக் கடைகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான இடம் மாதுங்கா. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் சென்ற தென்னாட்டார் அங்கே குடியேறி, கோயிலும் பஜனை மடமும் பள்ளியும் கண்டனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலேயே தோன்றிவிட்டது. அவர்களுக்குச் சோறிட முன்வந்தவர்களில் பெரும்பாலோர் உடுப்பிப் பகுதியினர். மாதுங்கா ரயில் நிலையத்தருகே 1942இல் தொடங்கப்பெற்ற ‘உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்’ இவ்வகைக்குச் சிறந்த சான்று. வாழையிலையில் சோறு, சாம்பார், ரசம், கறிவகை, தயிர் என்று அமைந்த சாப்பாடு அது. இலைக்காக மக்கள் காத்திருப்பதுண்டு. இப்படிக் காத்திருப்பதைச் சிலர் தொல்லை என்று கருதுவர். நாம் அதை நற்குறியாகவே கொள்கிறோம். அதன் காரணம் சுவையை மட்டும் சார்ந்ததன்று.

சமைத்த சோற்றை வெப்பமான அறையில் பல மணி நேரம் வைத்திருந்தால், அரிசியில் இயல்பாகவே தங்கியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் விதைகள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்பது அதன் பெயர். மறுபடி சூடாக்கினால் உயிரி மடியலாம். நஞ்சு அழியாமல் நின்றுவிடும். பொதுவாக 5 பாகை செல்சியஸுக்கு மேலும் 60 பாகைக்குக் கீழும் உள்ள வெப்பத்தில் நோய்க்கிருமிகள் விரைவாகப் பெருகுகின்றன. கூட்டம் இடைவிடாமல் வரும் கடையில் உலையிலிருந்து இறங்கிய சோறு அரைமணியில் தீர்ந்துவிடுகிறது. கிருமிக்கு அவகாசம் இல்லை. நூற்றைம்பது பண்டங்களை அட்டையில் அச்சிட்டுவிட்டு, ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் கடையில் அவற்றுள் எத்தனை நேற்றைய சமையல் என்று எண்ணிப் பாருங்கள். உணவுப்பட்டியல் சுருக்கமாக இருப்பதும், “இன்று இது தீர்ந்துவிட்டது” என்று பரிமாறுபவர் சொல்வதும் நல்ல அடையாளங்கள்.

மால்வணி உணவகங்களில் இதை நன்றாகக் காணலாம். கொங்கணத்துத் தெற்குக் கரையின் மீன் குழம்பும், கோகம் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த ‘சோல் கடி’யும் அங்கே கிடைக்கும். பொம்பில் என்னும் மென்மையான மீன் வறுவலுக்குப் பேர்போனது. ஆங்கிலேயர் ஏனோ அதற்கு ‘பம்பாய் வாத்து’ என்று பெயர் சூட்டினர். ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கரையில் இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடையுண்டு. அக்காலத்தில் எல்லா மீனும் புதிது, இன்று வந்தது என்று ஒரு கடைக்காரர் சாதித்தால், அவருடைய மற்றச் சொற்களையும் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். அவ்வாறே பிண்டி பஜாரில் இரவெல்லாம் வேகவைத்த ‘நிஹாரி’ காலை உணவாகும். அதை மாலையில் தேடிச் செல்வது முறையன்று. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பொழுது உண்டு. அதை அறிந்து செல்பவருக்கே அதன் சிறந்த உணவு கிடைக்கிறது.

தெருவோர உணவை முற்றும் விலக்குமாறு நாம் சொல்லமாட்டோம். 1966இல் தாதர் ரயில் நிலையத்தின் எதிரே பிறந்ததாகக் கூறப்படும் ‘வடா பாவ்’ எத்தனையோ உழைப்பாளிகளின் பகலுணவாக இருந்துவருகிறது. கண்ணெதிரே கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த வடையில் கிருமி அச்சம் குறைவு. எண்ணெயையும் சட்டினியையும்தான் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுத்து, தடித்து, நுரைத்து, எளிதில் புகையும். துருவக் கூட்டுப்பொருள்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்ட எண்ணெயை உபயோகிக்கலாகாது என்று 2018 ஜூலை முதல் விதியுண்டு. அதை அளக்கும் கருவி நம் கையில் இல்லாவிடினும் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. அதன்படி ஒவ்வோர் உணவகமும் பதினான்கு இலக்கங்கள் கொண்ட உரிம எண்ணையோ பதிவு எண்ணையோ பெற்று, வருவோர் காணுமாறு வைத்திருக்க வேண்டும். அந்த எண் சுவைக்குச் சான்றாகாது. முறையிட நேர்ந்தால் இன்னார் மீது என்று சொல்ல உதவும். ரசீதில் ‘சேவைக் கட்டணம்’ என்று தாமாகவே சேர்த்திருந்தால் அதை நீக்கக் கேட்கலாம். அது கட்டாயமன்று என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வகுத்த நெறிமுறையை 2025இல் தில்லி உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கைபேசியில் தோன்றும் நட்சத்திரங்களைப் பார்த்துக் கடையைத் தேர்வது இக்கால வழக்கம். அவற்றை அறவே தள்ளவேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை வந்து படமெடுத்துச் சென்றவர்தாம் பெரும்பாலும் அங்கே எழுதுகிறார். பத்தாண்டுகளாக அதே மூலையில் அமர்ந்து உண்பவர் எழுதுவதில்லை. ஆகவே அவரை நேரில் தேடிச் செல்லவேண்டும். கோட்டைப் பகுதியில் பகல் ஒரு மணிக்கு வங்கிக் கடைநிலை ஊழியர்கள் எந்தச் சந்துக்குள் நுழைகிறார்கள்? டாக்சி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு எங்கே கை கழுவுகிறார்கள்? இவற்றை இரண்டு நாள் கவனித்தால் போதும். தனியாக வந்தவர்கள் பலர், ஒருவரோடொருவர் பேசாமல், விரைந்து உண்டு எழுந்து போகும் கடை பெரும்பாலும் நல்ல கடையாகவே இருக்கும்.

பழைய ஆலை வட்டாரமாகிய பரேலில் இன்று இத்தேவை வேறு வடிவில் தலைதூக்கியிருக்கிறது. 1941இல் தொடங்கப்பெற்ற டாடா நினைவு மருத்துவமனை அங்கேதான் உள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் வருவோர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கே தங்குகின்றனர். மொழி புதிது, கைப்பணம் குறைவு. சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்த நோயாளிக்கு நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் வயிற்றுக் கோளாறுகூட உயிருக்கு ஆபத்தாகலாம். இவர்கள் நாளுக்கு ஒரு கடை என்று அலையாமல், வந்த இரண்டொரு நாளிலேயே ஒரு கடையைத் தெரிந்துகொண்டு அதன் உரிமையாளரிடம் நிலைமையைச் சொல்லிவிடுவது நலம். காரம் குறைத்துத் தரவும், நோயாளிக்கென்று முதலில் எடுத்து வைக்கவும் வழக்கமாக வருபவரின் சொல்லுக்கே மதிப்புண்டு. நறுக்கி வைத்த பழம், பச்சைக் காய்கறி, அரைத்து வைத்த சட்டினி, காய்ச்சாத நீர் ஆகியவற்றை நோயாளிக்குத் தவிர்க்க வேண்டும். தயிரை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். ஆவி பறக்க எடுத்த இட்லி ஏற்றது. பகலில் பன்னிரண்டரை மணிக்குள் சென்றால் சோறு அப்போதுதான் வடித்திருப்பார்கள். இரண்டரை மணிக்குப் பின் செல்ல நேர்ந்தால், சோற்றை விடுத்து, கேட்ட பிறகு சுட்டுத் தரும் சப்பாத்தியும் கொதிக்கும் பருப்பும் வாங்கிக் கொள்ளலாம்.