நீலகிரி ஓடைகளில் டிரௌட் மீன்

நீலகிரி ஓடைகளிலுள்ள டிரௌட் மீன் இந்நாட்டு ஜாதியன்று. பிரான்ஸிஸ் டே என்பார் சீமையிலிருந்து கொணர்ந்தது நிலைக்கவில்லை. 1907-ல் வில்ஸன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பு நிலையம் ஏற்பட்டு, வானவில் டிரௌட் ஓடைகளில் விடப்பட்டது, அதுவே வேரூன்றிற்று.

இம்மீனுக்கு ஜலம் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு உட்பட்டுக் குளிர்ந்தும், பாறைகளில் மோதிக் காற்றுக் கலந்தும் இருத்தல் வேண்டும். சமவெளிக் குளத்தில் பிழையாது. சங்கத்தார் எவரும் அதில் பணத்தைப் போட வேண்டாம்.

குளிர்காலத்தில் பெண்மீன் கூழாங்கற்களிடையே குழி பறித்து முட்டையிடும். 10 டிகிரிக் குளிரில் அவை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். அதற்குள் மழையில் கரைந்த மண் கற்களை மூடுமாயின், முட்டைகள் மூச்சடைத்து மடியும். உருளைக்கிழங்கு நிலத்தைச் சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு உழுதல் மீனுக்கும் ரக்ஷையாவது இதனாலேயே. ஓடையில் நஞ்சு கலப்பவனோ, ஒரு நாள் குழம்புக்காகக் குஞ்சுகளையும் ஒருங்கே ஒழித்து விடுகிறான்.

முட்டையிட்டு இளைத்த மீன் தேறிய பின்னர், தென்மேற்குப் பருவமழை ஓடையைக் கலக்குமுன் வரும் பங்குனி, சித்திரை மாதங்களே தூண்டிலுக்கு ஏற்றவை. அப்போதும் சிறுமீன் அகப்பட்டால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றித் திரும்ப விடுக. உலர்ந்த கை பட்டால் உடலின் வழுவழுப்பு நீங்கி நோய் பற்றும்.