குட்டி யானையின் நெற்றியில் ஐந்து விளக்குகள்

விடியற்காலையில் மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட் பக்கம் போனால், கோயம்பேட்டிலிருந்து கத்தரிக்காயும் கொத்தமல்லியும் ஏற்றி வந்த சின்னச் சின்ன வண்டிகளைப் பார்க்கலாம். அவற்றில் பல டாடா ஏஸ். 2005-ல் விற்பனைக்கு வந்த அந்த வண்டியை அதன் சொந்தப் பெயரில் கூப்பிடுபவர்கள் குறைவு. ஊருக்கெல்லாம் அது ‘குட்டி யானை’தான். பக்கத்தில் ஒரு தோஸ்த் வண்டி நிற்கும், ஒரு பொலேரோ பிக்கப் நிற்கும். இவற்றில் சில வண்டிகளின் கூரையில், முன்கண்ணாடிக்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில் மூன்றோ ஐந்தோ குட்டி விளக்குகள் வரிசையாக எரியும்.

“எதுக்குண்ணா இந்த லைட்டு?” என்று ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள். “சும்மா கெத்துக்குத்தான் தம்பி” என்பார். கெத்து ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த விளக்கு பிறந்த காரணம் வேறு.

அமெரிக்காவில் பெரிய லாரிகளின் கூரையில் இதே போல ஐந்து ஆரஞ்சு விளக்குகள் உண்டு. நடுவில் மூன்று நெருக்கமாக இருக்கும், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. அங்கே அது சட்டம். 80 அங்குலமோ (ஏறத்தாழ 2.03 மீட்டர்) அதற்கு மேலோ அகலம் உள்ள வண்டிக்கு இந்த விளக்குகள் கட்டாயம். ஓரத்து விளக்குகள் இரண்டும் “என் உடம்பு இங்கே தொடங்கி அங்கே முடிகிறது” என்று எதிரே வருபவருக்குச் சொல்கின்றன. நடுவில் உள்ள மூன்றும் “வருவது பெரிய வண்டி” என்று சொல்கின்றன. ஃபோர்டு நிறுவனத்தின் ராப்டர் என்ற பிக்கப் அந்த அளவைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. அதனால் அதன் மூக்குப் பகுதியிலேயே மூன்று குட்டி விளக்குகளை வைத்துவிட்டார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதியில் அளவு 2.1 மீட்டர், அங்கே முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு. தி.நகர் பேருந்து நிலையத்தில் இரவு நேரத்தில் நின்று பேருந்துகளின் உச்சி ஓரங்களைக் கவனியுங்கள், புரியும்.

நம் குட்டி யானையின் அகலம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். அதன் தலையில் ஐந்து விளக்கு என்பது, மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும் பொடியன் கதைதான். பார்க்க ஜோராக இருக்கும். தேவை இல்லை.

சரி, இரண்டு புள்ளி வெளிச்சம் எப்படி அகலத்தைச் சொல்லும்? ஒரு பைக் இருட்டில் வருகிறது. ஒரே விளக்கு. அது பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டு விளக்குகள் என்றால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நம் கண்ணில் ஒரு கோணத்தை உண்டாக்கும். வண்டி நெருங்க நெருங்க அந்தக் கோணம் விரியும். 2.4 மீட்டர் அகலமுள்ள லாரி 100 மீட்டர் தள்ளி வந்தால் கோணம் சுமார் 1.4 பாகை. முழுநிலவின் அகலம் அரைப் பாகை. ஆக, கிட்டத்தட்ட மூன்று நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். 50 மீட்டருக்கு வந்தால் அது இரட்டிப்பாகும். இந்த விரியும் வேகத்தை வைத்துத்தான் உங்கள் மூளை “இப்போது சாலையைக் கடக்காதே” என்று தீர்ப்புச் சொல்கிறது. நீங்கள் கணக்குப் போடுவது உங்களுக்கே தெரியாது.

அகலம் புரிந்துவிட்டது. உயரத்தில் ஏன் வைக்க வேண்டும்?

இதற்கு விடை சென்னையிலேயே, அதுவும் மயிலாப்பூர்ப் பக்கமே இருக்கிறது. மெரினாவின் தெற்குக் கோடியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1977-ல் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்பு, 1894 முதல், நகரத்தின் கலங்கரை விளக்கு எங்கே எரிந்தது தெரியுமா? உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில்! கீழே வழக்கு நடக்க, தலைக்கு மேலே கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு. கூரை விளக்கு என்றால் அதுவல்லவா கூரை விளக்கு!

பூமி உருண்டை. தரையோடு தரையாக ஒரு விளக்கை வைத்தால், கடலின் வளைவு கொஞ்ச தூரத்திலேயே அதை மறைத்துவிடும். மேலே போகப் போகத் தொடுவானம் விலகும். ஒரு எளிய கணக்கு இருக்கிறது: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 50 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 25 கிலோமீட்டர். சாலையில் பூமியின் வளைவு நமக்குப் பொருட்டே இல்லை. அங்கே மறைப்பவை மேம்பாலத்தின் முதுகும் முன்னால் போகும் கார்களும். 1973-ல் திறந்த அண்ணா மேம்பாலத்தில் ஏறும்போது பாருங்கள். எதிர்ப்பக்கம் ஏறி வரும் பேருந்தின் உச்சி விளக்குதான் முதலில் தலைகாட்டும். முகப்பு விளக்கு அதற்குப் பிறகுதான்.

இனி வேலைக்கு வருவோம். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைய. கொஞ்சம் தள்ளிப் புதுப்பேட்டை. அங்கே விளக்கு வாங்கி வந்து கூரையில் மாட்ட வேண்டும் என்றால் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. நல்ல மெக்கானிக் எப்போதும் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுவார். ஏன்? வண்டியின் இரும்பு உடம்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டால், இரண்டு முனைகளும் ஸ்பேனர் வழியாகவே சேர்ந்துகொள்ளும். பொறி பறக்கும், ஸ்பேனர் பழுக்கும். நெகட்டிவைக் கழற்றும்போது பட்டால் ஒன்றும் ஆகாது. அதை முதலில் பிரித்துவிட்டால் பிறகு பாசிட்டிவைத் தொடவும் பயம் இல்லை.

இரும்பு உடம்பே நெகட்டிவ் என்பதால் இன்னொரு லாபம். பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர் இழுத்தால் போதும். திரும்பும் வழிக்கு விளக்கின் இன்னொரு முனையைப் பக்கத்திலேயே உடம்பில் திருகிவிடலாம். மெக்கானிக்குகள் இதை ‘எர்த்’ என்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரப்பர் டயரில் நிற்கும் வண்டி அது. திருகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் எர்த்தான்.

அடுத்து, கூரையில் துளை. வேலையிலேயே ஆபத்தான கட்டம் இதுதான், ஆனால் ஆபத்து வருவது அன்றைக்கு அல்ல, அடுத்த ஐப்பசியில். தகட்டில் துளை போட்டதும் வெட்டுவாயில் வெறும் இரும்பு தெரிகிறது. இரும்போடு ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்தால் துரு. பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், அடையாறு என்று கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு உப்பும் சேரும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பது இரும்பின் மேல் நடக்கும் நுட்பமான மின்வேதி வினை என்பதால் அது வேகமாக நடக்கும். ஆகவே வெட்டுவாய்க்குப் பிரைமர் பூசி, துளையில் ரப்பர் வளையம் பொருத்தி, விளக்கின் அடியில் சுற்றிலும் சிலிக்கான் வைக்க வேண்டும். ரப்பர் வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓடும் வண்டி ஓயாமல் அதிரும். கூர்மையான தகட்டு விளிம்பு ஒயரின் மேல் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். தோல் போய்ச் செம்பு தகட்டில் பட்டால் ஷார்ட் சர்க்யூட்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், வகுத்தலும் பெருக்கலும்தான்.

பழைய பாணிக் கூரை விளக்கில் ஒரு பல்பு 5 வாட். ஐந்து பல்புக்கு 25 வாட். பேட்டரி 12 வோல்ட். 25-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 2.1 ஆம்பியர் மின்னோட்டம். 6 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் உள்ள செம்பு ஒயரின் மின்தடை சுமார் 0.1 ஓம். மின்னோட்டத்தை அதாலேயே பெருக்கி, மின்தடையாலும் பெருக்கினால் ஒயரில் உண்டாகும் வெப்பம் கிடைக்கும்: அரை வாட்டுக்கும் குறைவு. தொட்டாலும் தெரியாது.

ஒருவர் ஆசைப்பட்டு அதே ஒயரில் 55 வாட் ஹாலஜன் விளக்கு நான்கை மாட்டுகிறார் என்று வையுங்கள். 220 வாட், 18 ஆம்பியருக்கு மேல். மின்னோட்டம் ஏறியது 9 மடங்குக்கும் குறைவு. வெப்பம் ஏறியதோ சுமார் 77 மடங்கு! ஏறத்தாழ 34 வாட் சூடு, மெல்லிய ஒயருக்குள், கூரைத் துணிக்குப் பின்னால். ஒயர் மட்டும் கிட்டத்தட்ட 2 வோல்ட்டைத் தின்றுவிடுவதால் விளக்கும் மங்கலாகத்தான் எரியும். வண்டிகள் தீப்பிடிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

இதைத் தடுக்கத்தான் ஃபியூஸ். உங்கள் பாடநூலில் மின் உருகு இழை என்று இருக்கும். அதிக மின்னோட்டம் வந்தால் தானே உருகி, ஒயரைக் காப்பாற்றும். கார் ஃபியூஸ்களுக்கு நிறம் உண்டு: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அதை பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்குக் காவல் யாரும் இல்லை.

பெரிய மின்னோட்டத்தைச் சின்ன ஸ்விட்ச் தாங்காது. அதற்கு ‘ரிலே’ என்ற கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு கம்பிச்சுருள். ஸ்விட்சைப் போட்டதும் சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்து அது காந்தமாகும். ‘டிக்’ என்று ஒரு தகட்டை இழுக்கும். பெரிய மின்னோட்டம் அந்தத் தகட்டின் வழியே பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்குப் போகும். மின்சாரம் காந்தத்தை அசைக்கும் என்று 1820-ல் கவனித்தவர் டென்மார்க்கின் ஒர்ஸ்டெட்.

இன்று பெரும்பாலும் எல்.இ.டி.தான் மாட்டுகிறார்கள். ஐந்தும் சேர்ந்தாலும் பல்பு தின்ற மின்சாரத்தில் சிறு பங்குதான் தின்னும். ஒரே ஒரு வீம்பு அதற்கு: மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் எரியாது. பல்புக்கு அந்தக் கவலை இல்லை.

கூரையில் கண்ணைக் கூசவைக்கும் நீள எல்.இ.டி. பட்டை வைத்தால் பனிமூட்டத்தில் நன்றாகத் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். போகி அன்று காலை சென்னையில் புகையும் பனியும் கலந்து நிற்குமே, அப்போது அதைப் போட்டால் ஓட்டுநரின் கண்ணுக்கு மிக அருகிலிருந்து கிளம்பும் ஒளி, துளிகளில் பட்டு அவர் கண்ணுக்கே திரும்பும். முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பனி விளக்குகளைக் கீழே, பம்பரில் வைப்பது இதனால்தான்.

சட்டமும் இங்கே அறிவியலின் பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகன விதிகளின்படி, அனுமதி இல்லாமல் முன்பக்கம் தேடுவிளக்கு மாட்டக் கூடாது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது. சிவப்பைப் பார்த்தால் அது வண்டியின் பின்பக்கம் என்று எல்லாருடைய மூளையும் பழகியிருக்கிறது. அமைச்சர்களின் கார் மேல் சுழன்ற சிவப்பு விளக்குகளும் 2017 மே 1 முதல் நாடு முழுவதும் இறங்கிவிட்டன. பல வண்ணச் சுழல் விளக்கு இன்று ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் போன்ற அவசர வண்டிகளுக்கு உரியது. என்னைக் கேட்டால், காய்கறி வண்டியில் விளையாட்டுக்கு நீலமும் சிவப்பும் மின்னவைப்பது, வழிவிட வேண்டிய வண்டி எது என்று குழப்பும் சேட்டை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பிக்கப்புக்கு விளக்கு மாட்டப் போகிறார்கள் என்றால், பேட்டரி பக்கம் நீங்கள் கை வைக்க வேண்டாம். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: “மொத்தம் எத்தனை வாட்? ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்?” முதல் எண்ணை 12-ஆல் வகுங்கள். விடை இரண்டாவது எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஃபியூஸின் எண் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால், ஸ்விட்சைப் போட விடாதீர்கள்.