தோட்டாவில் ஏறும் களிம்பு

மணியாச்சி சந்திப்பு ஓட்டப்பிடாரம் வட்டத்தில்தான் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று அங்கே ரயில் பெட்டிக்குள் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட கதையை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கையில் இருந்தது ரிவால்வர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே அடுக்காக நிற்பதால் தட்டையாக இருக்கும், உடுப்புக்குள் துருத்தாது. ரிவால்வரில் ஆறு தோட்டா நிற்கும் உருளை நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும். ஒளிக்கவும் தோதில்லை, இடுப்பில் செருகினால் நிற்பதுமில்லை. அதற்கென்று உறை வேண்டும். உறையைத் தாங்கப் பெல்ட் வேண்டும்.

உரிமத்தோடு ரிவால்வர் வைத்திருப்பவர்கள் கரிசல் காட்டில் சிலர்தான். பயிர்க்காவலுக்கு வாங்குவது பெரும்பாலும் நீளக் குழல் துப்பாக்கி. கையில் பணத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்களும், ஆளில்லாத தோட்டத்தில் இரவு தங்குகிறவர்களும் கைத்துப்பாக்கி கேட்கிறார்கள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். உறையை, கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதையே வாங்கி வருகிறார்கள்.

சட்டம் உறையை அப்படி விடவில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதற்கென்று செய்த உறையிலோ பையிலோ வைத்திருக்க வேண்டும். ஆயுதம் முழுக்க மூடியிருக்க வேண்டும், எந்நேரமும் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801இலேயே, டிசம்பர் முதல் தேதி, கும்பெனி கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமை முழுவதும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பிரகடனம் போட்டார். 1878இல் ஆயுதச் சட்டம், சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் இன்னொன்று. ஆயுதம் தாங்க அனுமதிச் சீட்டு கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். உறையைவிடப் பெல்ட்தான் முக்கியம் என்பது என் முடிவு. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் ஏறத்தாழ 700 கிராம் எடை. 2014இல் பெண்களுக்கென்று அறிமுகமான நிர்பீக் 500 கிராம். (அது வரும் மெரூன் நிற நகைப்பெட்டியைப் பற்றி அப்போது எவ்வளவு செய்திகள்! எந்த உறையில் வைத்துக்கொள்வது என்று ஒரு வரி படித்த நினைவில்லை.) அரைக்கிலோவுக்கு மேல் ஒரு பக்கமாகத் தொங்கினால் சாதாரண பெல்ட் அந்தப் பக்கம் சரியும், உறை வெளிப்புறமாகச் சாயும், நடக்கும்போது தொடையில் அடிக்கும். எட்டயபுரம் சந்தையில் மாட்டு வியாபாரிகள் வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட் பணத்துக்கும் வெற்றிலைக்கும் நல்லது. துப்பாக்கிக்கு ஆகாது, துணி மடங்கிவிடும். ஒன்றரை அங்குல அகலத்தில், இரண்டு அடுக்குத் தோலைச் சேர்த்துத் தைத்த பெல்ட் வேண்டும். உறையின் பின்பக்கத்து வளையம் அதில் இறுக்கமாக ஏற வேண்டும். இடைவெளி இருந்தால் துப்பாக்கியை உருவும்போது உறையும் சேர்ந்து மேலே வரும்.

எடையைத் தோளுக்கு மாற்றும் வழியை நம் நாட்டில் ஒரு கை இழந்த ஓர் அதிகாரி கண்டுபிடித்தார். 1858 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் நடந்த சண்டையில், சாம் பிரவுன் என்ற குதிரைப்படைக் கேப்டனின் இடது கை தோளோடு போனது. இடுப்பில் ஆடும் வாளுறையைப் பிடித்துக்கொள்ள இடது கைதான் உதவும். அது இல்லாமல் வாளை உருவுவது சிரமம். இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு வாரை வலது தோள் வழியாகக் குறுக்கே ஏற்றி, இடப்பக்க எடையை அதில் தொங்கவிட்டார். மறுபக்கம் கைத்துப்பாக்கி உறைக்கும் இடம் கிடைத்தது. பிறகு பல நாட்டுப் படைகளும் அதை எடுத்துக்கொண்டன. நம் காவல்துறை அதிகாரிகள் அணிவகுப்பில் போடும் குறுக்குப் பட்டை அதன் வழிவந்ததுதான். நாள் முழுக்க வெயிலில் நடக்கிறவருக்குத் தோள் வார் இன்றும் இதமானது.

உறையில் நான் பார்ப்பது மூடி. விசையை முழுக்க மறைத்து, மேலே மூடி விழுந்து, பொத்தானோ பித்தளைக் குமிழோ போட்டுப் பூட்டும் பழைய பாணி உறைதான் கரிசலுக்கு ஏற்றது. சித்திரை வைகாசியில் பறக்கும் மண் மாவைவிட நைசானது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி உண்டு, புழுதி அதில் போய் உட்காரும். உருளை சுற்றும்போது கரகரக்கும். ஐப்பசி மழையில் வண்டி சறுக்கிச் சேற்றில் விழுந்தாலும், மூடி இருந்தால் துப்பாக்கி உறையோடு கிடக்கும். உறை அந்தந்தக் குழல் நீளத்துக்கே அளவெடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டங்குலக் குழலை நாலங்குல உறையில் போட்டால் உள்ளே ஆடும். விசை வளையத்துக்குள் விரல் நுழையும்படி வெட்டிய உறையை விலை மலிவென்றாலும் வாங்காதீர்கள். பழைய வெப்ளி ரிவால்வரின் கைப்பிடி அடியில் ஒரு வளையம் இருக்கும். அதில் கயிறு கோத்துத் தோளில் மாட்டினால், கை நழுவினாலும் துப்பாக்கி தரையில் விழாது.

இதெல்லாம் கூடத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எனக்கு உறுத்துவது தோட்டா பெல்ட்.

ரிவால்வர் தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோல் வளையத்தில் செருகினால் அந்த விளிம்பு தடுத்து நிறுத்தும், கீழே நழுவாது. அதனால்தான் வரிசையாகத் தோட்டா செருகிய பெல்ட் ரிவால்வரோடு பொருந்திப் போயிற்று. சினிமாவும் அதை அழகாக்கிவிட்டது. வாங்குகிறவர்கள் தோட்டாக்களைச் செருகி, பெல்ட்டை ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் அப்படியே தொங்குகிறது.

மரப்பட்டையில் பதனிட்ட தோலில் அமிலம் உண்டு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில் பதப்பட்டது. ஓட்டப்பிடாரம் ஓடைக்கரையில் மஞ்சளாகப் பூக்கிறதே, அதே ஆவாரைதான். பிறகு வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. விறைப்பாக நிற்பதால் உறைக்கு இத்தகைய தோலே சிறந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டாவின் கூடு பித்தளை. பித்தளையின் செம்போடு தோலின் அமிலமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு ஏறும். இடுப்பு வியர்வையின் உப்பு அதை விரைவாக்கும். கடற்காற்று எட்டுகிற ஊர் வேறு. பித்தளை அண்டாவை வெளியே வைத்து மறந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், அதேதான். அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கலாம். தோட்டாவைத் தேய்க்கக் கூடாது, அமிலம் கூட்டை இன்னும் அரிக்கும்.

களிம்பு ஏறிய தோட்டா உருளையில் சரியாக இறங்காது. வலிந்து இறக்கிச் சுட்டால் வெறுங்கூடு வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். ரிவால்வர் வைத்திருப்பதே என்றோ ஒருநாள் ஏதாவது நேர்ந்தால் என்றுதானே? அந்த நாளில் உருளை திறக்காமல் போனால்? அரிப்பு ஆழமாக இறங்கிய கூடு வெடிக்கும்போது கிழியவும் கூடும். இன்னொரு தொல்லையும் உண்டு. வியர்வையில் ஊறி ஊறித் தோல் வளையம் தளர்ந்துவிடும். மோட்டார் சைக்கிளில் மேடுபள்ளம் ஏறி இறங்கினால் தோட்டா வழியில் விழும். உரிமத்தில் கணக்கெழுதிய தோட்டா, தொலைந்தால் காவல் நிலையத்தில் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பொறுக்கியெடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது?

ஆகவே வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் தோட்டா தோலில் இருக்கலாம். மூடி போட்ட சிறு பை இன்னும் மேல், ஆறு தோட்டா போதும். வீடு வந்ததும் எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, துப்பாக்கியிலிருந்து தனியே பூட்டுங்கள். துப்பாக்கியையும் உறையில் தூங்க விடக் கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இரும்பில் துரு பிடிக்கும்.

வார்ப்புப் பிளாஸ்டிக் உறை ஈரம் குடிக்காது, விரைவாக உருவலாம் என்கிறார்கள் இளைஞர்கள். ஈரம் குடிக்காது என்பது சரிதான்.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். பலரும் உறை, பெல்ட், தோட்டா எல்லாம் சேர்த்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வாக்கு எண்ணி முடியும்வரை அது அப்படியே கிடக்கும். உறையையும் பெல்ட்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். துப்பாக்கிக்கு மெல்லிசாக எண்ணெய் பூசித் துணியில் சுற்றி, தோட்டாக்களை அட்டைப் பெட்டியில் எண்ணிக் கொடுத்து, ரசீதில் இரண்டும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு தோட்டாவின் அடிவிளிம்பையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.