கதைக் காட்டுக்குள் ஒரு கைவிளக்கு

அலாவுதீனின் விளக்கையும் சிந்துபாத்தின் கப்பலையும் கேள்விப்படாத பிள்ளைகள் எம்மிடையே அரிது. ஆயினும் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ என்ற பெருநூலை ஆசையோடு எடுக்கும் மாணவியரிற் பலர் சில பக்கங்களோடு மூடி வைத்துவிடுகின்றனர். இதற்குச் சோம்பல் காரணமன்று. அந்நூல் ஒரு காடு. வழி தெரியாதவர் காட்டிலிருந்து திரும்பி விடுவது இயல்பே.

கூனன் கதையை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் தையற்காரன் ஒரு கதை சொல்கிறான். அவன் கதையில் வரும் நாவிதன் தன் ஆறு சகோதரர்களின் கதைகளைச் சொல்லத் தொடங்குகிறான். இவை யாவற்றையும் ஷஹ்ரஸாத் என்ற பெண், தன் உயிரைக் காத்துக்கொள்வதற்காக, ஷஹ்ரியார் என்ற அரசனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார் யாருக்குச் சொல்லும் கதை இது என்பதை மறந்தால் வாசகி தடுமாறிப் போவாள். இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்க எழுந்தவையே துணைநூல்கள்.

ஆங்கிலத்தில் றொபேட் இர்வின் 1994இல் அரபுக் கதைகளுக்கென ஒரு துணைநூல் எழுதினார். 2004இல் இக்கதைகளுக்கு இரண்டு தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியமும் வெளிவந்தது. டோல்கீன் 1954–55இல் வெளியிட்ட ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலின் இறுதியில் அவரே கால அட்டவணையும் வம்சாவளியும் சேர்த்தார். பின்னர் வந்தவர்கள் அவர் படைத்த உலகுக்கு அகராதியும் தேசப்படமும் செய்தனர்.

இது மேலைநாட்டார் கண்டுபிடித்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நன்னூல் உரைக்குரிய கூறுகள் பதினான்கை வகுத்துச் சொல்கிறது. சுருக்கமான உரையைக் காண்டிகை என்றும் விரிவானதை விருத்தி என்றும் நம் முன்னோர் பிரித்தனர். புதிதாகக் கற்பவருக்கு ஒன்று, தேர்ந்தவருக்கு மற்றொன்று. வடமராட்சியிலே உடுப்பிட்டிச் சிவசம்புப் புலவர் தாமே செய்யுள் இயற்றியதோடு நில்லாமல், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் மறைசை அந்தாதிக்கு உரையும் எழுதினார். கவிஞரே பிறர் கவிக்கு வழிகாட்டியாக அமர்ந்தது பெருமைக்குரியது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட ‘அபிதான கோசம்’, இலக்கிய புராணங்களில் வரும் பெயர்களை அகரவரிசையில் விளக்கியது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ தமிழகத்தில் வந்தது 1910இல். இத்துறையில் யாழ்ப்பாணம் முந்திக்கொண்டது.

நல்ல துணைநூல் மூன்று வேலைகளைச் செய்யும்.

முதலாவது, உண்மையையும் புனைவையும் பிரித்துக் காட்டும். கலீபா ஹாரூன் அர்ரஷீத் 786 முதல் 809 வரை ஆண்ட வரலாற்று மனிதர். கதைகளில் அவர் மாறுவேடத்தில் பக்தாத் வீதிகளில் திரிவது கதாசிரியரின் கற்பனை. ஜின்களைப் பற்றித் திருக்குர்ஆன் கூறுவது வேறு, விளக்கைத் தேய்த்ததும் வந்து நின்று ஏவல் கேட்கும் கதைப் பாத்திரம் வேறு. இந்த வேறுபாட்டை அறிந்து வாசிக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, இடத்தைக் காட்டும். சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் வந்து சேரும் ஸரந்தீப் எது? அது நம் இலங்கைத் தீவே. அரபு வணிகர் இத்தீவை அப்பெயரால் அழைத்தனர். கதையில் வரும் இரத்தினங்களும் உயர்ந்த மலையும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும். 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கும் சென்றதை எழுதியிருக்கிறார். கதையையும் பயணக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எத்தனை சுவையானது!

மூன்றாவது, நூலின் வரலாற்றைச் சொல்லும். அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1704 முதல் 1717 வரை இக்கதைகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். அலாவுதீன், அலிபாபா கதைகள் அவரிடமிருந்த பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியில் இருந்தவை அல்ல. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் அவருக்கு வாய்மொழியாகச் சொன்னவை. உலகமே அறிந்த கதைகளைச் சொன்னவரின் பெயர் நெடுங்காலம் மறைந்திருந்ததை ஒரு துணைநூல்தான் நமக்கு உணர்த்துகிறது.

புனைவுலகுக்கு மட்டுமல்ல, பழைய காப்பியங்களுக்கும் துணை வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்டது. விலாதத்து என்றால் பிறப்பு, நுபுவ்வத்து என்றால் நபித்துவம், ஹிஜ்ரத்து என்றால் இடப்பெயர்வு என்று மூன்று காண்டங்களின் பெயர்ப்பொருளை முதலில் அறிந்தாலே நூலின் வாசல் திறந்துவிடும். செய்குத்தம்பிப் பாவலரின் உரை அதற்குள் நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பரீட்சைக்காக விற்கப்படும் சுருக்கக் குறிப்புகள் துணைநூல்கள் ஆகா. கதை முடிவைச் சொல்லி, வினாவிடையைக் கொடுத்து, “இனி மூலநூல் எதற்கு?” என்று எண்ண வைப்பவை அவை. அவற்றை மட்டும் படித்தவள் புள்ளி பெறலாம், ஆனால் நூலைப் பெற்றவள் ஆகமாட்டாள். பெற்றோரே, பிள்ளைக்கு நூல் வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

மாணவியரே, துணைநூல் கிடைக்கவில்லையா? நீங்களே செய்யலாம். ஓர் அப்பியாசக் கொப்பியில் பெயர், இடம், அருஞ்சொல், யார் யாருக்குச் சொல்லும் கதை என நான்கு பகுதிகள் வகுத்துக்கொள்ளுங்கள். வாசிக்க வாசிக்க நிரப்புங்கள். முதலில் கதையை வாசியுங்கள், தடுக்கிய இடத்தில் மட்டும் குறிப்பைப் பாருங்கள். வாசித்து முடித்ததும் அக்கொப்பியை அடுத்த வகுப்புத் தங்கையிடம் கொடுங்கள். முத்துத்தம்பிப்பிள்ளையும் சிவசம்புப் புலவரும் செய்ததும் அடிப்படையில் இதுவே: தாம் நடந்த வழியில் பின்னால் வருபவருக்காக ஒரு விளக்கை ஏற்றி வைத்தார்கள்.