ஐந்து பேர் மடியில் சாவி!

சிங்கம்புணரியில் ஊர்க்கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேவுகப்பெருமாள் கோயில் முன்னே 15 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்மாய் மடையைத் திறக்கலாமா என்பது பேச்சு. 14 பேர் "சரி" என்கிறார்கள். ஒரே ஒருவர் "கூடாது" என்கிறார். மடை திறக்கவில்லை!

"இது என்ன நியாயம்?" என்று கேட்பீர்கள். உலகத்தின் ஊர்க்கூட்டம் இப்படித்தான் நடக்கிறது.

ஐ.நா. பாதுகாப்பு சபையில் 15 நாடுகள் உண்டு. அமெரிக்கா, ருஷியா, சீனா, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய ஐந்தும் நிரந்தர அங்கத்தினர்கள். முக்கியமான தீர்மானத்தை இவர்களில் ஒருவர் எதிர்த்தாலும் அது செத்தது. இதற்கு "வீட்டோ" என்று பெயர். 2022-ல் உக்ரைன் விஷயத்தில் ருஷியா தடுத்தது. 2023-ல் காஸா சண்டையை நிறுத்தச் சொன்னபோது அமெரிக்கா தடுத்தது.

"நமக்கு என்ன?" என்று இருக்க முடியாது. வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் குண்டு வெடித்தால் இங்கே தாய்க்குத் தூக்கம் போய்விடும்.

தமிழர் கையெழுத்து

ஐ.நா. சாசனம் 1945 ஜூன் 26-ந் தேதி கையெழுத்தானது. இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் ஒரு தமிழர். ஆற்காடு ராமசாமி முதலியார்! நமக்கு அப்போது சுதந்திரம்கூட வரவில்லை. தொடக்கத்தில் 51 நாடுகள், இன்று 193. ஆப்பிரிக்காவில் மட்டும் 54 நாடுகள். ஒன்றுக்கும் நிரந்தர இடம் இல்லை. இந்தியாவுக்கும் இல்லை. எட்டுத் தடவை, இரண்டிரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்ததோடு சரி.

மாற்ற முடியாதா?

முடியும். மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் சம்மதிக்க வேண்டும். அந்த ஐவரும் சம்மதிக்க வேண்டும். பூட்டியவர் மடியிலேயே சாவி!

ஆனாலும் ஒரு தடவை மாறியது. முதலில் அங்கே இருந்தவை 11 இடங்கள்தான். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் "எங்களுக்கும் இடம் வேண்டும்" என்று ஒன்றாக நின்றன. 1963 டிசம்பர் 17-ந் தேதி ஓட்டெடுப்பு. 97 நாடுகள் ஆதரவு. ருஷியாவும் பிரான்சும் எதிர்த்தன. அமெரிக்காவும் இங்கிலாந்தும் நடுநிலை வகித்தன. ஐவரில் ஆதரித்தது சீனா மட்டுமே. அன்று அந்த இடத்தில் இருந்தது தைவான் அரசு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எதிர்த்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஊரே ஒரு பக்கம் நின்றால் மிராசுதார் எத்தனை நாள் வீம்பு பிடிப்பார்? 1965 ஆகஸ்டு 31-ந் தேதி 11 இடம் 15 ஆயிற்று. வீட்டோவைத் தொட மட்டும் விடவில்லை.

அன்று ஐவரையும் சம்மதிக்க வைக்க 20 மாதம் பிடித்தது. சபையை மறுபடி மாற்றி அமைக்கும் பேச்சு 2009-ல் தொடங்கியது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.