பாட்டு இருக்கிறது, பாடியவர் பெயர் எங்கே?

திருக்கோவிலூருக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பெரிய பாறை நிற்கிறது. அதன் உச்சியில் சின்னஞ்சிறு கோயில் ஒன்று இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் சுழித்து ஓடும்போதும் பாறை அசையாமல் நிற்கும். அதற்குக் 'கபிலர் குன்று' என்று பெயர்.

கபிலர் யார்? சங்க காலத்துப் பெரும் புலவர். அவர் பாடிய பாட்டுகள் இருநூறுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. பறம்பு மலையை ஆண்ட பாரி வள்ளலுக்கு அவர் உயிர் நண்பர். பாரி இறந்த பிறகு, அவனுடைய பெண்களைத் தம் பொறுப்பில் அழைத்து வந்தவர்.

புலவருக்குப் பாட்டும் நிலைத்தது, பெயரும் நிலைத்தது. ஆற்றுக்கு நடுவே பாறையும் நிலைத்தது. அந்தப் பெண்களுக்கு என்ன நிலைத்தது?

ஒரே ஒரு பாட்டு!

நிலா வெளிச்சத்தில் ஒரு துயரம்

புறநானூற்றில் 112-ஆவது பாட்டு அது. ஐந்தே அடிகள். போன மாதத்து முழு நிலாவையும் இந்த மாதத்து முழு நிலாவையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அப்போது அப்பா இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இப்போது அரசர்கள் மலையைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. சொல்லும் செய்தி இவ்வளவுதான். வசை இல்லை, சாபம் இல்லை. ஆனாலும் படிப்பவர் நெஞ்சு கனத்துப் போகிறது. தமிழ் படித்தவர்களில் இந்தப் பாட்டை அறியாதவர் குறைவு.

இதைப் பாடியது யார்? புறநானூற்றைத் தொகுத்தவர்கள் பாட்டின் கீழே எழுதி வைத்த குறிப்பு 'பாரி மகளிர்' என்கிறது. அதாவது, பாரியின் பெண்கள். அவர்களுடைய பெயர் அங்கே இல்லை!

'அங்கவை, சங்கவை என்று படித்திருக்கிறோமே' என்று சிலர் கேட்கலாம். அந்தப் பெயர்கள் பிற்காலத்துக் கதைகளில் வருபவை. பாட்டைத் தொகுத்த பழைய ஏட்டில் அவை இல்லை. தகப்பன் பெயரே பெண்களுக்கு அடையாளமாகிவிட்டது.

அவர்கள் கதையின் முடிவும் ஒன்றுபோல் இல்லை. மன்னர்கள் சிலரிடம் கபிலர் பெண்களை அழைத்துச் சென்று, மணந்துகொள்ளும்படி கேட்டார். அவர்கள் மறுத்தார்கள். பிறகு அந்தணரிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, கபிலர் வடக்கிருந்து உயிர் விட்டார் என்று புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது வேறு விதமாகச் சொல்கிறது: பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, கபிலர் பெண்ணையாற்றுப் பாறையில் தீப்புகுந்தார் என்கிறது. ஔவையார் முன்னின்று மணம் முடித்து வைத்தார் என்ற கதையும் உண்டு.

மணந்தவர் யார், மணம் செய்து வைத்தவர் யார் என்பதற்கெல்லாம் பெயர்கள் கிடைக்கின்றன. பாட்டைக் கட்டியவர்களின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

102 பாட்டுகள் அனாதை

பாரி மகளிரைப் பற்றி இவ்வளவாவது தெரிகிறது. அதுவும் தெரியாத பாட்டுகள் பல உண்டு. சங்கப் பாட்டுகள் மொத்தம் 2,381 என்றும், பாடிய புலவர்கள் 473 பேர் என்றும் அறிஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். இவற்றில் 102 பாட்டுகளுக்குப் பாடியவர் யாரென்றே தெரியாது. நற்றிணையில் மட்டும் இப்படி 56 பாட்டுகள்.

அந்த 473 பேரிலும் எல்லோருக்கும் சொந்தப் பெயர் இல்லை. பாடியவர் பெயர் தெரியாதபோது, பாட்டில் வரும் ஓர் அழகான சொல்லை எடுத்து, அதையே புலவருக்குப் பெயராக வைத்தார்கள் நம் முன்னோர்.

குப்பை மேட்டில் சண்டை போடும் கோழிகளை மூட்டி விடுவாரும் இல்லை, விலக்கி விடுவாரும் இல்லை. காதல் நோயும் அப்படித்தான் என்று ஒருவர் பாடினார். அவர் 'குப்பைக் கோழியார்' ஆகிவிட்டார். நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும். கையில் இருப்பதோ ஒரே ஏர். அந்த உழவனின் தவிப்பைச் சொன்னவர் 'ஓரேருழவர்'. இரண்டு யானைகள் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கும் பழங்கயிற்றைச் சொன்னவர் 'தேய்புரிப் பழங்கயிற்றினார்'. செம்மண்ணில் விழுந்த மழைநீர்போல இரண்டு நெஞ்சங்கள் கலந்ததைச் சொன்னவர் 'செம்புலப் பெயனீரார்'.

குப்பை மேடு, ஒற்றை ஏர், தேய்ந்த கயிறு! இவர்கள் அரண்மனையில் அமர்ந்து எழுதியவர்களாகத் தோன்றவில்லை. நம் வீட்டு வாசலில் நின்று பார்த்ததைப் பாடியிருக்கிறார்கள்.

திருக்கோவிலூரிலேயே இன்னொரு சான்று உண்டு. மழை பெய்த ஓர் இரவில், ஒடுங்கிய இடைகழியில், மூன்று ஆழ்வார்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தது இந்த ஊரில்தான் என்பது வைணவர் மரபு. பொய்கையார், பூதத்தார், பேயார் என்று அவர்களை வணங்குகிறோம். ஆளுக்கு நூறு பாட்டுகள் கொண்ட அந்தாதி பாடியவர்கள். ஆனால் பிறந்த குழந்தைக்குப் பேய் என்றும் பூதம் என்றும் எந்தத் தாயாவது பெயர் வைப்பாளா? பக்தியைக் கண்ட ஊரார் அழைத்த பெயராக இருக்கலாம். அதுவே நின்றுவிட்டது.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதை

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அச்சு இயந்திரமும் புத்தகக் கடையும் பெருகியிருந்த இங்கிலாந்திலும் நடந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் நகரில் ராபர்ட் டாட்ஸ்லி என்றொரு புத்தக வியாபாரி இருந்தார். இளமையில் பெரிய மனிதர் வீட்டில் ஏவலாளாக வேலை பார்த்தவர். அப்போதே பாட்டு எழுதினார். பிறகு கடை வைத்து உயர்ந்தார். பலர் எழுதிய பாட்டுகளைச் சேர்த்து 1748-இல் மூன்று புத்தகங்கள் வெளியிட்டார். 1758-க்குள் அது ஆறு புத்தகங்களாக வளர்ந்தது. படித்தவர் வீடுகளிலெல்லாம் அந்தத் தொகுப்பு இருந்தது. அதிலும் பெயர் இல்லாத பாட்டுகள் பல.

அச்சுப் போடத் தெரிந்தவர்களுக்குப் பெயர் போடத் தெரியாதா? தெரியும். போட வேண்டாம் என்று எழுதியவர்களே சொன்னார்கள். கனவான்களுக்குக் காசுக்கு விற்கும் புத்தகத்தில் பெயர் வருவது கௌரவக் குறைவாகப் பட்டது. அரசாங்கத்தைக் கேலி செய்தவர்களுக்கு வழக்கு வரும் என்ற பயம். பெண்களுக்கோ ஊர் பேசுமே என்ற பயம். 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்கள் பலர். 1731-இல் தொடங்கிய 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' போன்ற பத்திரிகைகளில் மாதந்தோறும் வந்த பாட்டுகளிலும் பெயரில்லாதவையும் புனைபெயரில் வந்தவையும் ஏராளம்.

ஆங்கிலத்தில் மிகப் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்று, கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றித் தாமஸ் கிரே எழுதியது. பெயர் தெரியாமல் வாழ்ந்து, பெயர் தெரியாமல் மண்ணுக்குள் போன ஏழை எளியவர்களுக்காக இரங்கும் பாட்டு. 1751-இல் டாட்ஸ்லி அதை ஆறு பென்னி விலைக்குச் சிறு புத்தகமாக வெளியிட்டார். அட்டையில் கிரேயின் பெயர் இல்லை! பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆனால் எழுதியவர் யார் என்பது சீக்கிரமே வெளிப்பட்டுவிட்டது. அவருக்குப் படிப்பு இருந்தது, பெரிய இடத்து நண்பர்கள் இருந்தார்கள். பெயர் தானே தேடி வந்தது. அதே காலத்தில் பெயர் மறைத்து எழுதிய எத்தனையோ பெண்களுக்கும் ஏழைகளுக்கும் அப்படி வரவில்லை.

அடுப்புக்குப் போன ஏடுகள்

பெயர் மட்டுமா போயிற்று? பாட்டே போய்விட இருந்த கதைகளும் உண்டு.

தாமஸ் பெர்சி என்ற பாதிரியார் ஷிப்னல் என்ற ஊரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு மேசைக்கு அடியில் அழுக்கேறிய பழைய கையெழுத்துப் புத்தகம் கிடந்தது. அந்த வீட்டு வேலைக்காரிகள் அதன் தாள்களைக் கிழித்து நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்சி அதைக் கேட்டு வாங்கினார். உள்ளே பழைய கதைப் பாட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றில் சிலவற்றையும் வேறு பழைய பாட்டுகளையும் சேர்த்து 1765-இல் மூன்று புத்தகங்களாக அச்சிட்டார். அவற்றில் பலவற்றைக் கட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டுகளைப் படித்து ஒரு தலைமுறைக் கவிஞர்களே உருவானார்கள்.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்தவர்களுள் முதன்மையானவர் உ. வே. சாமிநாதையர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளைத் தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு மனம் நொந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டிராவிட்டால், பாரி மகளிர் பாட்டு நம் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எப்போது வந்திருக்குமோ!

பனையோலையின் ஓரம்தான் முதலில் முறியும். பாடியவர் பெயர் இருந்ததோ பாட்டின் கடைசியில், குறிப்பில். ஏடு ஒடிந்தால் குறிப்பு போகும். பிரதி எடுப்பவர் களைத்துவிட்டால் குறிப்பை விட்டுவிடுவார். பாட்டை மனப்பாடம் செய்தவர் பாட்டைத்தான் சொல்வார், பெயரைச் சொல்ல மாட்டார். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் படித்த விவேக சிந்தாமணியைப் பாருங்கள். பாட்டெல்லாம் பலருக்கு வாயில் இருந்தது. ஆசிரியர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பெயர் எதற்கு?

'பாட்டு இருந்தால் போதாதா? பெயர் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'குப்பைக் கோழியார்' என்ற பெயரால் பாட்டின் சுவை குறைந்துவிடவில்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பெயர் போனவர்கள் யார் யார்? பெரும்பாலும் பெண்கள், உழுதவர்கள், ஏவல் செய்தவர்கள். பெயர் இல்லாததால், 'அவர்களுக்குப் பாடத் தெரியாது, எழுதத் தெரியாது' என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் லான்ஸ்டேல் பழைய பத்திரிகைகளையும் மறந்துபோன புத்தகங்களையும் துருவிப் பார்த்து, 1989-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பாடிய நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். அதுவரை அவர்களில் பலரை யாரும் கவனித்ததில்லை. பால்காரியும் வேலைக்காரியும்கூடப் பாடியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

மலைமேல் ஒலிக்கும் பாட்டு

2019-ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. திருக்கோவிலூரும் கல்வராயன் மலையின் ஒரு பகுதியும் அதில் அடங்கியவை. கோமுகி ஆறு பிறக்கும் அந்த மலையில், வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களில், மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையில் வாழ்பவர் என்று பொருள். சாமையும் தினையும் விளைத்த மக்கள்.

மலையிலும் சரி, கீழே நாட்டிலும் சரி, தாலாட்டு இல்லாத தொட்டில் இல்லை, ஒப்பாரி இல்லாத சாவு இல்லை. அந்தப் பாட்டுகளில் பழைய அடியும் இருக்கும், பாடுகிறவள் அப்போதே கட்டிச் சேர்த்த அடியும் இருக்கும். தன் அண்ணன் பெயரை, தன் ஊர் ஏரியை, தன் வீட்டு மாட்டைச் சேர்த்துப் பாடுவாள். அவளும் புலவர்தான். ஆனால் அவளோடு அந்த அடி போய்விடும். ஒருவேளை யாராவது எழுதி வைத்தாலும், 'நாட்டுப்பாடல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

பாரி மகளிருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர வேண்டுமா?

இதைத் தடுக்கப் பெரிய புலமை தேவையில்லை. எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். பாட்டியை உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். கையில் செல்போன் இருந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டை எழுதுங்கள். பாட்டுக்குக் கீழே நான்கு செய்திகள் எழுதுங்கள்: பாடியவர் பெயர், ஊர், எழுதிய தேதி, யாரிடம் கற்றார் என்பது. 'இந்த அடி நானே கட்டியது' என்று பாட்டி சொன்னால், அதையும் மறக்காமல் எழுதுங்கள்.

'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பாட்டியின் சொந்தப் பெயரை எழுதுங்கள்.