பூ குடும்பத்தைச் சொல்லும், இலை இனத்தைச் சொல்லும்

மழை ஓயும் நாட்களில் புனேயைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் சாலையோரங்களிலும் நீலமும் ஊதாவும் கலந்த பூக்கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். வெளிநாட்டுப் படங்களில் பழகிய கண் அவற்றை லூபின் என்றே எண்ணும். ஆனால் லூபினின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களும் மத்தியதரைக் கடற்பகுதியும்தான். தக்காணத்துக் குன்றுகளில் அது தானாக முளைப்பதில்லை. அங்கே நிற்பது பெரும்பாலும் கிலுகிலுப்பை. நம் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பையும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தக் குழப்பத்துக்குத் தக்க காரணம் உண்டு. இரண்டுமே அவரைக் குடும்பத்தில் நெருங்கிய உறவுகள். மேலே கொடி இதழ், பக்கத்துக்கொரு சிறகு இதழ், கீழே படகு இதழ் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. படகு இதழைப் பிரித்தால் தெரியும் பத்து மகரந்தத் தாள்களில்கூட நீண்ட பை ஐந்து, குட்டைப் பை ஐந்து என்று ஒரே கணக்கு. ஆகவே பூவிலிருந்து குடும்பத்தை அறியலாம். அதற்குமேல் பூவின் நிறத்தை நம்பக்கூடாது. அடுத்த சாட்சி இலை. லூபினில் பெரும்பாலும் ஐந்துக்கு மேற்பட்ட சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரித்த விரல்களைப் போலப் பரவியிருக்கும். நீலப் பூக் கிலுகிலுப்பையிலோ இலை பிளவுபடாத ஒற்றை இலை. தண்டு நான்கு பட்டையாக இருக்கும்.

இலையும் ஏமாற்றுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்வேளைக்கும் நொச்சிக்கும் விரல்போல் விரியும் இலைதான்; அவை அவரைக் குடும்பமே அல்ல. ஈர நிலங்களில் வளரும் ஒரு கிலுகிலுப்பைக்கு ஐந்து சிற்றிலைகள் உண்டு. அமெரிக்காவில் ஒற்றை இலை லூபின்களும் உண்டு. அதனால்தான் பூவையும் இலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐயம் மிஞ்சினால் காயைப் பார்க்க வேண்டும். கிலுகிலுப்பைக் காய் காற்றடைத்ததுபோல் உப்பியிருக்கும். முற்றியபின் ஆட்டினால் உள்ளே விதைகள் குலுங்கும். லூபின் காய் தட்டையானது, ரோமம் நிறைந்தது.

கைபேசிச் செயலி இருக்க இத்தனை பாடு எதற்கு என்பார்கள். படத்தில் இல்லாத இலையைச் செயலி பார்க்க முடியாது. பூவை மட்டும் காட்டினால் பூவை வைத்துத்தான் பதில் வரும். பெயர் தவறினால் என்ன நட்டம் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான விடை இருக்கிறது. 1970-களின் நடுவில், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு கலந்துவிட்ட கிலுகிலுப்பை விதைகளை உண்ட மக்களுக்குக் கல்லீரலின் நுண்சிரைகள் அடைபட்டன. வயிறு வீங்கிப் பலர் இறந்தார்கள். லூபினிலும் நஞ்சு உண்டு, ஆனால் அது வேறு வகை வேதிப்பொருள்; கேடும் வேறு. எந்தச் செடி என்று தெரியாமல் எந்த நஞ்சு என்று சொல்ல இயலாது. பூச்சிகளின் வாழ்வும் இதைச் சார்ந்ததே: வட அமெரிக்காவின் கார்னர் நீலப் பட்டாம்பூச்சியின் புழு ஒரே ஒரு காட்டு லூபினின் இலையை மட்டுமே தின்கிறது; அழகுக்காக வேறு லூபினை நட்டால் அதற்கு உணவாகாது.

செடியைப் பிடுங்க வேண்டாம். பூ, இலையின் இரு பக்கம், இலைக்காம்பின் அடி, தண்டு, காய் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுங்கள். இடத்தையும் தேதியையும் குறியுங்கள். புனேயில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் உலர்தாவரத் தொகுப்போடு இயங்குகிறது. அங்குள்ளவர்களிடம் கேட்கும்போது பூவின் படத்தோடு இலையின் படத்தையும் கொண்டுபோங்கள்.